தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையின் எடை

பெற்றவளிடம் போய் "பிள்ளை எப்படி இருக்குது?" என்று கேட்டு நிஜமான பதிலை வாங்கியவர் எங்கள் காலத்தில் யாரும் கிடையாது. இந்தக் காலத்துப் பெண்கள் அப்படியில்லை. என் மருமகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் போதும். பிள்ளை என்ன சாப்பிட்டான், என்ன பாட்டுப் பாடினான், பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட எவ்வளவு கெட்டிக்காரன் என்று, கேட்டவர் பஸ்ஸைத் தவறவிடும்வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். நாங்கள் வாயைத் திறந்தால் குறைதான். "எங்கம்மா, சரியா பாலே குடிக்க மாட்டேங்குது. தேறுமோ தேறாதோ" என்போம். அப்படிச் சொல்லும்போதே பிள்ளையின் கனத்தில் எங்கள் இடுப்பு ஒடிந்துகொண்டிருக்கும். (கேட்கிறவளும் லேசுப்பட்டவள் இல்லை. "ஆமா, எளைச்சித்தான் போயிருக்குது" என்று பதிலுக்கு ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போவாள். அதுதான் மரியாதை.)

இந்த மரியாதையை ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டியதால் விழுப்புரத்தில் நான் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன்.

அப்போது யுத்த காலம். என் வீட்டுக்காரர் விழுப்புரம் ரயில்வே எஞ்சின் ஷெட்டில் எஞ்சின் துடைக்கிற வேலையில் இருந்தார். என்றைக்காவது எஞ்சினுக்குக் கரி தள்ளுகிற உத்தியோகம் கிடைக்கும் என்பது அவருடைய கனவு. நான் எட்டாவது வரை படித்தவள். எங்கள் தெருவில் அவ்வளவு படித்தவள் நான் ஒருத்திதான். அதை நான் யாரையும் மறக்க விட்டதில்லை. மூட நம்பிக்கை, அறியாமை என்றெல்லாம் பெரிய பெரிய வார்த்தைகள் எனக்குத் தெரியும். அவற்றை மற்றவர்களைப் பற்றிச் சொல்வதற்கு வைத்திருந்தேன்.

எங்கள் முதல் பிள்ளைக்கு ராஜா என்று பெயர் வைத்தோம். காலுக்குத் தண்டை போட்டு, தலை வாரி, மடிப்புக் கலையாத சட்டை போட்டுத் தெருவில் தூக்கிக்கொண்டு நிற்பேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் வாங்கிக் கொஞ்சுவார்கள். நானும் பெருமையாகக் கொடுப்பேன். ஐந்தாம் மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. போய்விட்டான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் கை வராது.

அதனால் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, குடும்பமே சேர்ந்து யமனை ஏமாற்றக் கிளம்பியது. பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பன் என்று பெயர் வைத்தார்கள். அது போதாது என்று என் நாத்தனாருக்குத் தோன்றியது. நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா அஞ்சலை. திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி ஒரு முறம் தவிட்டை எடுத்து வந்து என் முன்னால் கொட்டினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாக வெளியே போனாள். தெருவைச் சுற்றிக் கொல்லைப்பக்கமாக வந்து, அவனை என் மடியில் போட்டாள்.

"இந்தா பவுனு, இது நான் தவிடு குடுத்து வாங்கின புள்ள. நீ சும்மா பால் குடுத்து வளத்து வுடு" என்றாள்.

ஆயிற்று, வியாபாரம் முடிந்தது. அன்றிலிருந்து அவன் அண்ணியின் பிள்ளை. ஒரு முறம் தவிட்டுக்கு வந்த பிள்ளையை யார் மதிப்பார்கள்? யமனும் மதிக்க மாட்டான். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில் எல்லாம் இப்படித்தான் செய்வார்கள். தெரிந்தவர் யாரும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மறந்துபோய்க்கூட "பவுனு புள்ள" என்று சொல்லிவிட மாட்டார்கள். நானும் சொன்னதில்லை. தனியாக இருக்கும்போது மனசுக்குள்கூட "அண்ணி பிள்ளை" என்றுதான் நினைத்துக்கொள்வேன். (யமனுக்கு மனசுக்குள் நினைப்பது கேட்குமா கேட்காதா என்று எட்டாம் வகுப்பில் சொல்லித் தரவில்லை.)

அண்ணி பிள்ளை நன்றாக வளர்ந்தான். தவழ்ந்தான். கட்டிலுக்கு அடியில் போய் என் வீட்டுக்காரர் கொண்டுவந்து வைத்திருந்த நிலக்கரியைத் தின்றான். பல் முளைத்து என்னைக் கடித்தான். அவர் வேலையிலிருந்து வந்தவுடன் "எங்கடா கரிமூட்ட" என்று கூப்பிட்டால், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்ப்பான். எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குப் பெருமையில் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருக்கும். ஆனால் யாரிடமும் சொல்ல முடியாது. யாரும் என்னிடமும் சொல்ல மாட்டார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் சொல்லிக் கேட்க மாட்டோமா என்று ஏங்கிப் போய்விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பஜாருக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் கைப்பிள்ளைகளை எடை போட்டுப் பார்க்கிற இடம் ஒன்று திறந்தார்கள். நோய் இல்லாத பிள்ளையைத்தான் அங்கே கொண்டுபோக வேண்டுமாம். வயசுக்குத் தக்கபடி வளர்ந்திருக்கிறதா, உட்காருகிறதா, தவழ்கிறதா என்று பார்த்துச் சொல்வார்களாம். பெங்களூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார், நர்சிடம் எல்லாம் இங்கிலீஷில்தான் பேசுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

எனக்கு உடனே ஒரு யோசனை தோன்றியது. டாக்டரம்மா பிள்ளையைப் பார்ப்பார். நன்றாக இருக்கிறான் என்று நர்சிடம் இங்கிலீஷில் சொல்வார். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் புரியும். நான் காதால் கேட்டுக்கொள்வேன். இங்கிலீஷில் சொன்னால் கண் படாது. நம் ஊர் யமனுக்கு இங்கிலீஷ் எங்கே தெரியப் போகிறது! இப்படி ஒரு கணக்குப் போட்டு, அதுவும் படிப்பின் பயன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இதை அண்ணியிடம் மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளை அவளுடையது அல்லவா? சேதி போனதும் அண்ணி திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் வண்டியில் வந்து இறங்கினாள். தலையில் ஒரு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. முகத்தில் ஒரு மூட்டைக் கோபம். சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று, பட்டணத்து ஜனங்கள் அண்டா குண்டாவோடு தெற்கே ஓடி வந்துகொண்டிருந்த நேரம். ரயிலில் நிற்க இடம் இல்லை.

"நாத்தாங்கால் மாதிரி நெருக்கிக்கினு நிக்கிறாங்க. ஒத்தக்கால்ல நின்னுக்கினு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, மூட்டையை இறக்கினாள். "ஏண்டி, நல்லா இருக்கிற புள்ளைய இன்னாத்துக்குடி தராசுல போட்ற? அது இன்னா புளியா, பருப்பா? நிறுத்துப் பாத்தா புள்ள எளச்சிப்பூடும்னு ஒனக்குத் தெரியாதா?"

"அதெல்லாம் அறியாமை அண்ணி" என்றேன்.

"அப்ப இது இன்னாவாம்?" என்று, பிள்ளையின் கன்னத்தில் நான் வைத்திருந்த மைப்பொட்டைக் காட்டினாள். தெருவிலேயே பெரிய பொட்டு அதுதான். நான் பேச்சை மாற்றினேன்.

போவது என்று ஆனபிறகு அண்ணி தன் பங்குக்கு ஏற்பாடுகளைச் செய்தாள். பிள்ளைக்குக் கிழிசல் சட்டையாகப் பார்த்துப் போட்டாள். அடுப்புக் கரியை இன்னும் கொஞ்சம் பூசினாள். கிளம்புவதற்கு முன்னால் கேப்பைக் கூழைக் காய்ச்சி, வயிறு முட்ட ஊட்டினாள். நான் ஏன் என்று கேட்டேன். "தின்னுட்டா அசங்காம கெடப்பான். அது ஓடறத ஆடறத பாத்தாத்தான கண்ணு படும்?" என்றாள். எட்டாவது படித்த எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

அங்கே போனபோது வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் எங்கள் தெருக்காரர்கள். எல்லாப் பிள்ளைகளும் கன்னத்தில் கரியோடு, அழுக்குச் சட்டையோடு, பார்க்கவே பரிதாபமாக இருந்தன. அவ்வளவு ஜாக்கிரதையான தாய்மார்கள். கூரைக் கட்டையில் ஒரு தராசு தொங்கிக்கொண்டிருந்தது. கடிகாரம் மாதிரி வட்டமும் முள்ளும், அதற்குக் கீழே ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு துணி ஏணை. பிள்ளையை ஏணையில் போட்டால் முள் நகரும்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். நல்ல தமிழ் பேசினார். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் எதுவும் அவருக்குத் தெரியாது. கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

"குழந்தை குப்புறப் படுத்துக்கொள்கிறானா?"

"எங்கம்மா? போட்டது போட்ட எடத்துல கெடக்குது" என்றேன். (காலையில்தான் அவனைக் கட்டிலுக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்திருந்தேன்.)

"உட்காருகிறானா?"

"நிமித்தி வச்சா சாயுதுங்க."

"முகம் பார்த்துச் சிரிக்கிறானா?"

"அந்தக் குடுப்பினை ஏதுங்க?"

"பல் முளைத்திருக்கிறதா?"

"தெரியலைங்க." (தெரியலையாம்! கடித்த புண் இன்னும் ஆறவில்லை.)

"பசியெடுத்து நன்றாகச் சாப்பிடுகிறானா?"

"நாக்க நனைச்சிக்குதுங்க, அவ்ளோதான்."

ஒவ்வொரு பதிலுக்கும் டாக்டரம்மாவின் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. எங்கள் ஊர்க்காரியாக இருந்தால் "ஆமா, எளைச்சித்தான் போயிருக்குது" என்று சொல்லிச் சிரித்திருப்பாள். இவர் சிரிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினார். படித்தவர்கள் இவ்வளவு வெள்ளந்தியாக இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் எனக்குக் கவலை இல்லை. நான் வாயால் என்ன சொன்னால் என்ன, தராசு உண்மையைச் சொல்லும், அவர் அதை இங்கிலீஷில் சொல்வார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையை ஏணையில் போட்டார்கள். கூழ் மயக்கத்தில் அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். "வுழுந்துடப் போவுதுங்க" என்று சொல்லிக்கொண்டே அண்ணி போய், ஏணையை அணைத்தாற்போல நின்றுகொண்டாள். முள் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு நின்றுவிட்டது.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தராசில் ஏதோ கோளாறு என்று நினைத்து, அவனை எடுத்துவிட்டு அடுத்த பிள்ளையைப் போட்டுப் பார்த்தார். முள் சரியாகக் காட்டியது. திரும்ப எங்கள் பிள்ளையைப் போட்டார். அண்ணி திரும்பவும் அக்கறையாக ஓடிப்போய் நின்றாள். முள் திரும்பவும் பாதி வழியில் நின்றது. பிறந்து சில நாளான பிள்ளையின் எடை.

நல்ல புஷ்டியான பிள்ளைக்கு எடை இல்லை என்றால் என்ன அர்த்தம்? தராசில் போட்டவுடன் இளைத்துவிட்டானா? அண்ணி சொன்னது பலித்துவிட்டதா? (அண்ணியின் வலது கை எங்கே இருக்கிறது என்று அப்போது நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. அது ஏணைக்கு அடியில், பிள்ளையின் புட்டத்தைத் தாங்கிக்கொண்டு இருந்தது.)

புஷ்டியாகத் தெரிவதெல்லாம் வீக்கமோ என்று டாக்டரம்மா அவன் காலைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். நர்சிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நான் ஆசை ஆசையாகக் காத்திருந்த இங்கிலீஷ். அதில் எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் புரிந்தது. மெட்ராஸ்.

"இந்தக் குழந்தையின் அம்மா யார்?" என்று டாக்டரம்மா தமிழில் கேட்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் இப்போது தெரியும். ஆனால் எட்டு மாதப் பழக்கம் சும்மா விடுமா? என் விரல் தானாக அண்ணியைக் காட்டியது.

"என்னுதுதாங்க" என்றாள் அண்ணி. "தவிடு குடுத்து வாங்கினது."

"என்ன? வாங்கியதா?"

"ஆமாங்க. ஒரு மொறம் தவிடு. இவ பாலு மட்டும் குடுக்கறா."

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அங்கே வேலை செய்த ஆயாவைப் பார்த்து, இவர்கள் சொல்வது உண்மையா என்று கேட்டார். ஆயா உள்ளூர்க்காரி. எல்லாம் தெரிந்தவள். ஒரு வார்த்தையில் விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் எப்படிச் சொல்வாள்? சொன்னால் பிள்ளைக்கு அல்லவா ஆபத்து? "நெசந்தாங்க. தவிட்டுக்கு வாங்கின புள்ளதான்" என்றாள். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார்கள். "நானே கண்ணால பாத்தேங்க. நயம் தவிடு" என்று பக்கத்து வீட்டுக்காரி சாட்சி சொன்னாள். எங்கள் பிள்ளையைக் காப்பாற்ற ஊரே ஒற்றுமையாக நின்றது. அப்படி ஒரு ஒற்றுமையை நான் பிறகு தேர்தலில்கூடப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா எழுந்து நின்றார். பேசியது கோபத்திலா அழுகையிலா என்று தெரியவில்லை.

"மாட்டுத் தீவனத்துக்கு ஒரு குழந்தையை விற்றிருக்கிறீர்கள். வாங்கிப் பட்டினி போட்டிருக்கிறீர்கள். எட்டு மாதக் குழந்தைக்குச் சிரிக்கக்கூடத் தெரியவில்லை. இவனை உங்களிடம் திரும்பக் கொடுத்தால் நான் டாக்டரே இல்லை. மத்தியான வண்டியில் நர்ஸ் இவனைச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். மற்றதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும்."

நர்ஸ் பிள்ளையை எடுத்து வெள்ளைத் துண்டில் சுற்றினாள்.

"மெட்ராசுக்கா?" என்று அண்ணி அலறினாள். "அங்க இருக்கிறவன்லாம் இங்க ஓடியாறான். நீங்க இங்க இருக்கிற புள்ளைய அங்க இட்டுக்கினு போறீங்களே! இது இன்னா பேஜாரா போச்சி!"

"அம்மா, அவன் நல்லாத்தான் இருக்கறான்" என்றேன் நான் மெதுவாக.

"நீங்கள்தானே அவனுக்கு ஒன்றும் தெரியாது என்றீர்கள்?"

"உக்காருவாம்மா. பாருங்க, பாருங்க" என்று அவனை நர்ஸ் கையிலிருந்து வாங்கி மேஜையில் உட்கார வைத்தேன். சாக்கு மூட்டை மாதிரி சாய்ந்தான். கையைத் தட்டினேன். கண்ணைத் திறக்கவில்லை. "கரிமூட்ட, டேய் கரிமூட்ட" என்று அவன் அப்பா கூப்பிடுகிற மாதிரி கட்டைக்குரலில் கூப்பிட்டேன். லேசாகக் குறட்டை விட்டான். கூழ் அப்படி வேலை செய்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூடப் போய்விட்டது. பரிதாபம்தான் இருந்தது. நர்ஸ் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள்.

வெள்ளைத் துண்டில் சுற்றிய ஒரு பிள்ளை என் வீட்டு வாசலைத் தாண்டிப் போனதை நான் முன்பே ஒரு முறை பார்த்தவள். அதற்குப் பிறகு நான் செய்ததற்கு நான் பொறுப்பில்லை.

ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "அது என் புள்ள!" என்று கத்தினேன். பஜார்வரை கேட்டிருக்கும். "நான் பெத்த புள்ள! ராஜா மாதிரி புள்ள! உக்காருவான், தவழுவான், கதவப் புடிச்சிக்கினு நிப்பான். அவங்க அப்பாவப் பாத்தா கெக்கெக்கேன்னு சிரிப்பான். கிண்ணம் கிண்ணமா கூழு குடிப்பான். பல்லு இருக்குது, வந்து கடி வாங்கிப் பாருங்க. இந்த விழுப்புரத்துலயே இவன மாதிரி ஒரு புள்ள கெடையாது!"

அப்படி ஒரு பேச்சை அங்கே இருந்த யாரும் பெற்றவள் வாயால் கேட்டதில்லை. பிறகு எங்கள் தெருப்பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். நான் பொழிந்த கண்ணேற்றை எப்படியாவது துடைத்தாக வேண்டுமே என்று அவர்களுக்குப் பதற்றம்.

"ஆமா, பெரிய ராஜா. மூக்கப் பாரு, சப்ப மூக்கு" என்றாள் ஒருத்தி.

"காது ரெண்டும் மொறம்" என்றாள் இன்னொருத்தி.

"மொட்டத்தல. முடி மொளைக்கவே மொளைக்காது" என்று பக்கத்து வீட்டுக்காரி தரையில் துப்பினாள். அவள் கண்ணில் தண்ணீர்.

டாக்டரம்மா தலையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் முதலில் சொன்னதை நம்புவதா, இப்போது சொல்வதை நம்புவதா? தராசு பொய் சொல்லுமா?" என்று கேட்டார்.

"இன்னொரு வாட்டி போடுங்க" என்றேன்.

நர்ஸ் பிள்ளையை ஏணையில் போட்டாள். அண்ணி வழக்கம்போல் அக்கறையாக வந்து நின்றாள். அப்போதுதான் நான் பார்த்தேன். ஏணைக்கு அடியில் அவள் வளையல் தெரிந்தது.

"அண்ணி, கைய எடுங்க."

"மாட்டேன்" என்றாள் அண்ணி. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "நான் எடுக்க மாட்டேண்டி. மொதப் புள்ளைய ஊரு கண்ணுல வுட்டோம். இதோட கனத்த எவளும் பாக்கக் கூடாது. இது எம் புள்ள. எம் புள்ளைய நான் தாங்கறேன், ஒனக்கு இன்னா?"

"உங்க புள்ள இல்ல அண்ணி. உங்க தவிட்ட நான் திருப்பிக் குடுத்துடறேன். கைய எடுங்க!"

அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கையை எடுத்தாள். எடுத்தாள் என்று சொல்வதைவிட, கை தானாக விழுந்தது என்று சொல்லலாம்.

முள் ஒரே ஓட்டமாக ஓடியது. ஏணை மடாரென்று இறங்கிய அதிர்ச்சியில் பிள்ளை முழித்துக்கொண்டான். எட்டு மாதத்தில் அவன் அப்படிக் கத்தியதில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தான். டாக்டரம்மா பதறிப் போய்ப் பிடிக்க வந்தார். வந்த விரலைப் பிடித்து வாயில் வைத்து, பல் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்தைத் தீர்த்துவைத்தான்.

அதற்குப் பிறகு ஆயா வாயைத் திறந்தாள். எல்லாம் வெளியே வந்தாயிற்று, இனிமேல் மறைத்து என்ன என்று தோன்றியிருக்கும். தவிடு, குப்பைமேடு, போன பிள்ளை எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா விரலை உதறிக்கொண்டே கேட்டார். முதலில் சிரித்தார். போன பிள்ளை கதை வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். என் பக்கத்தில் வந்து, அவனை என் கையில் கொடுத்தார்.

"உங்கள் பிள்ளை நன்றாக இருக்கிறான். வயசுக்கு மேலேயே வளர்ந்திருக்கிறான்" என்றார். தமிழில்தான் சொன்னார். ஊருக்கே புரிகிற தமிழில்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு அழுகை வந்ததோ தெரியாது. ராஜா போனபோதுகூட நான் அப்படி அழவில்லை. எட்டு மாதமாக அடுத்தவள் பிள்ளை, அடுத்தவள் பிள்ளை என்று எட்டி நின்றே வளர்த்திருக்கிறேன். அந்தக் கிழிசல் சட்டையோடு அவனை நெஞ்சில் சேர்த்துக்கொண்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் என் தாலிச்சரட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

வீடு வந்ததும் அண்ணி மிளகாயும் உப்பும் எடுத்து, தெருமண்ணோடு சேர்த்துப் பிள்ளைக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். உப்பு வெடித்த வெடிப்பில் வீடே அதிர்ந்தது, ஆனால் மிளகாய் நெடியில் யாருக்கும் இருமலே வரவில்லை. "பாத்தியா எவ்ளோ கண்ணுன்னு?" என்றாள். சாயந்தரம் அவர் வேலையிலிருந்து வந்து கதையைக் கேட்டு, கையில் இருந்த எண்ணெய்த் துணியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அந்த முகத்தைக் கழுவ ஒரு கட்டி சவுக்காரம் போதவில்லை. நான் மட்டும் சில நாள் வரைக்கும் காய்ச்சல் வருகிறதா என்று பிள்ளையின் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. தொட்டுத் தொட்டு அவனுக்குக் கழுத்தில் கூச்சம்தான் வந்தது.

டாக்டரம்மாவும் பாடம் கற்றுக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது, பிள்ளையை ஏணையில் போட்டவுடன் என்னையும் அண்ணியையும் பார்த்து, "ரெண்டு பேரும் கையைத் தலைக்கு மேலே தூக்குங்க" என்றார். தூக்கினோம். அதற்கடுத்த வாரமும் தூக்கச் சொன்னார். எங்களுக்கு மட்டும் சொன்னால் மனசு கஷ்டப்படுமே என்றோ என்னவோ, பிறகு எல்லாரையும் தூக்கச் சொன்னார். அப்புறம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பிள்ளை தராசில் ஏறினால் பெண்கள் தாங்களாகவே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சிலபேர் தூக்கிய கையைக் கூப்பியும் கொண்டார்கள்.

சில வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் ஆயிற்று. அங்கே எனக்கு ஒரு பெண் பிறந்தாள். அந்த ஊரிலும் இதே மாதிரி ஒரு இடம் வந்திருந்தது. விழுப்புரத்தில் இருந்த நர்ஸ்களில் ஒருத்தி அங்கே வேலைக்குப் போயிருந்தாள்போல. நானும் அண்ணியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெண், எனக்கு முன்பின் தெரியாதவள், தன் பிள்ளையைத் தராசில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினாள். கூட வந்தவர்களும் தூக்கினார்கள். வரிசையில் இருந்தவர்களும் தூக்கினார்கள்.

"ஏம்மா, கைய இன்னாத்துக்குத் தூக்கறீங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒன்றும் தெரியாத பட்டிக்காட்டாளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"தூக்காட்டி புள்ளைக்கு ஆவாதுங்க. அந்தக் காலத்துலேர்ந்து அப்பிடித்தான்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். எட்டாவது வரை படித்தவள் அல்லவா, அறியாமை என்று ஆரம்பித்து நடந்ததை எல்லாம் விளக்கிவிடலாம் என்றுதான் திறந்தேன். அண்ணி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். என் பெண்ணைத் தராசில் போட்டார்கள். அண்ணி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். நானும் தூக்கினேன்.

குப்பன் இப்போது பெரிய உடம்புக்காரன். பிள்ளைகுட்டிக்காரன். ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டால் எடை சொல்கிற மிஷினைக் கண்டால் விடமாட்டான், ஏறி நின்றுகொள்வான். அவன் ஏறினதும் எங்கள் வீட்டு ஜனம் முழுக்க, பெரிசு சிறிசு எல்லாம், பிளாட்பாரத்தில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஏதோ வழிப்பறி என்று திரும்பிப் பார்ப்பார்கள். "அண்ணி, கைய எடுங்க!" என்று அன்றைக்கு நான் கத்தியதைப் பிள்ளைகள் சொல்லிக் கத்தும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அவன் பத்திரமாக இறங்கிக் கீழே வந்து நிற்கிறவரைக்கும் நான் மட்டும் கையை இறக்குவதில்லை.